லியோன் நகரில் மூன்று நாள்: பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் வருவோருக்கு

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பாரிஸைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை லியோனுக்கு வந்து செவ்வாய்க்கிழமை காலை புறப்படுவதாகவும், எழுபதைத் தொட்ட பெற்றோரும் பத்து, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் உடன் வருவதாகவும், அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதாகவும், அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது, என்ன சாப்பிடுவது, எதை விட்டுவிடலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் என்னால் இயன்ற அளவு விரிவாகவே பதில் சொல்கிறேன். பாரிஸுக்குப் போடும் திட்டத்தை அப்படியே லியோனுக்குப் போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஈஃபில் கோபுரம் போல நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஏறிப் பார்த்துவிட்டு வரும் சின்னம் எதுவும் இங்கே இல்லை. இந்த ஊரின் சிறப்பெல்லாம் தெருவிலும் சந்தையிலும் முற்றத்திலும் உணவு மேசையிலும் இருக்கிறது. ஆகவே எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும், எந்த வேளைக்கு அடுப்பு அணையும், எந்த மேட்டுக்கு வண்டியில் ஏறிக் கால்நடையாக இறங்கலாம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே அமையும்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து சோன் ஆறும் கிழக்கிலிருந்து ரோன் ஆறும் வந்து ஊரின் தெற்கு முனையில் கலக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட நிலத்துண்டுதான் ப்ரெஸ்கீல் எனப்படும் நடுப்பகுதி. கடைத்தெருக்களும் நகர மண்டபமும் பெல்கூர் சதுக்கமும் அங்கேதான் உள்ளன. சோனின் மேற்குக் கரையில் பழைய நகரும் அதன் முதுகில் ஃபூர்வியேர் குன்றும் நிற்கின்றன. ப்ரெஸ்கீலின் வடக்குத் தலையில் நெசவாளர்களின் க்ருவா-ரூஸ் குன்று உயர்கிறது. ரோனுக்குக் கிழக்கே தரை சமமாகி, பெரிய ரயில் நிலையமும் அலுவலகக் கட்டடங்களும் பூங்காவும் வருகின்றன. இந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால் வழி தவறுவது கடினம். ஃபூர்வியேர் குன்று தெரிகிற பக்கம் மேற்கு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ரயில் சீட்டு எடுக்கும்போது பெயர்களில் கவனம் தேவை. பாரிஸில் நீங்கள் ஏறும் நிலையத்தின் பெயர் காரே து லியோன். அது பாரிஸ் நகருக்குள் இருக்கும் நிலையம். லியோனில் இறங்க மூன்று நிலையங்கள் உள்ளன. பார்-தியூ என்பது பெரியது, பெராஷ் என்பது நடுப்பகுதியின் தெற்கே உள்ள பழையது, செந்-எக்சுபேரி என்பது நகருக்கு வெளியே விமான நிலையத்தோடு ஒட்டியது. மலிவாகத் தெரிகிறதே என்று மூன்றாவதற்குச் சீட்டு எடுத்தால், அங்கிருந்து ஊருக்குள் வரும் ரோன்-எக்ஸ்பிரஸ் என்ற டிராமுக்குத் தலைக்கு 15 யூரோவுக்கு மேல் கொடுக்க நேரும். அந்த டிராமில் நகரப் போக்குவரத்துச் சீட்டு செல்லாது. அதிவேக டி.ஜி.வி வண்டி பாரிஸிலிருந்து பார்-தியூவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். பல மாதங்களுக்கு முன்பே விற்பனை தொடங்கிவிடுவதாலும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறுவதாலும், வெள்ளி மாலைப் பயணத்துக்கு இப்போதே எடுத்துவிடுங்கள். ஊய்கோ என்ற மலிவு வண்டியும் ஓடுகிறது. ஆனால் அதில் பெரிய பயணப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. ‘கிளாசிக்’ என்று குறிப்பிட்டிருக்கும் ஊய்கோ வண்டி பழைய தண்டவாளத்தில் ஐந்து மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்த வண்டியானாலும் உங்கள் பயணப் பெட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

பார்-தியூ நிலையத்துக்கு இரண்டு வாசல்கள் உள்ளன. எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று தெரியாமல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைவோரை அங்கே எப்போதும் பார்க்கலாம். மேற்கே விவியே-மெர்ல் வாசலில் மெட்ரோவின் பி தடமும் டி1 (T1) டிராமும் பெரிய வணிக வளாகமும் இருக்கின்றன. கிழக்கே வில்லெத் வாசலில் ரோன்-எக்ஸ்பிரஸும் டி3, டி4 டிராம்களும் நிற்கும். நீங்கள் மேற்கு வாசலுக்கு வாருங்கள். நிலையத்திலும் அதைச் சுற்றியும் கைப்பை, கைபேசித் திருட்டு நடப்பதுண்டு. கடவுச்சீட்டை உள்சட்டைப் பையில் வைத்துவிட்டு, பெரியவர்களின் கைப்பையை முன்பக்கமாக மாட்டச் சொல்லுங்கள்.

தங்குவதற்கு ப்ரெஸ்கீலில், பெல்கூர் சதுக்கத்துக்கும் கோர்தெலியே மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் பரிந்துரைப்பேன். பெல்கூரில் ஏ (A), டி (D) ஆகிய இரு மெட்ரோத் தடங்களும் சந்திக்கின்றன, தரை சமமாக இருக்கிறது, இரவில் நடமாட்டமும் இருக்கும். பழைய நகரில் அறை எடுக்கும் ஆசை பலருக்கு வருகிறது. படத்தில் அழகாகத் தெரியும் அந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சுழல் கற்படிகளே ஏறும் வழி. முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அது தண்டனை. எந்த இடத்தில் எடுத்தாலும் மின்தூக்கி உண்டா என்று எழுதிக் கேட்டு, உண்டு என்ற பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் உணவை முன்னிட்டு, விடுதி அறையைவிடச் சிறு சமையலறை உள்ள குடியிருப்பை எடுப்பது நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இரவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பெரியவருக்கும் சுற்றுலா வரி தனியாக வசூலிக்கப்படும் என்பதால், தொகை சற்றுக் கூடினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2025 ஜூன் முதல் ப்ரெஸ்கீலின் பெரும்பகுதியில் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு இருக்கிறது. நிறுத்துமிடக் கட்டணமும் கசக்கும்.

டி.சி.எல் என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் ஒரே சீட்டு மெட்ரோ, டிராம், பேருந்து, குன்று ரயில் ஆகிய அனைத்திலும் செல்லும். ஒற்றைச் சீட்டு இரண்டு யூரோவைச் சற்றுத் தாண்டும். முதல் முறை பதிந்ததிலிருந்து ஒரு மணி நேரம் வரை எத்தனை வண்டி மாறினாலும் அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதை மீண்டும் இயந்திரத்தில் காட்ட வேண்டும், மறந்தால் சோதனையாளர் அபராதம் விதிப்பார். சுற்றுலாப் பயணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இருபத்துநான்கு மணி நேரச் சீட்டும் உண்டு. போக்குவரத்தையும் அருங்காட்சியகங்களையும் சேர்த்துத் தரும் லியோன் சிட்டி கார்டு பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். ஆனால் நகராட்சி அருங்காட்சியகங்களிலும் கோன்ஃப்ளுவான்ஸ் அருங்காட்சியகத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம் என்பதால், பிள்ளைகளுக்கு அதை வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். மே 1 அன்று டி.சி.எல் வண்டிகள் ஓடுவதில்லை. உங்களுக்கு அது பொருந்தாது, வேறு யாராவது வசந்த காலத்தில் வந்தால் சொல்லிவையுங்கள்.

இனி நாள்களைப் பிரிப்போம். வந்தவுடன் பழைய நகருக்குப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் சனி, ஞாயிறுகளில் அந்தக் குறுகிய தெருக்களில் பக்கத்து ஊர்க்காரர்களே நிறைந்துவிடுவார்கள். திங்கட்கிழமை கோன்ஃப்ளுவான்ஸ், லூமியேர் முதலிய அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். நுண்கலை அருங்காட்சியகத்துக்கோ செவ்வாய்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடைகளில் பெரும்பாலானவை திறப்பதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சனிக்கிழமை க்ருவா-ரூஸ், ஞாயிறு கோன்ஃப்ளுவான்ஸும் பூங்காவும், திங்கள் ஃபூர்வியேரும் பழைய நகரும் நுண்கலை அருங்காட்சியகமும் என்று வைப்பதே வசதி. நீங்கள் வரும் வாரத்தின் சனி, ஞாயிறு ‘பாரம்பரிய நாள்’களாக அமைய வாய்ப்பு மிகுதி. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில், வழக்கமாகப் பொதுமக்களுக்குத் திறக்காத அரசுக் கட்டடங்களைக்கூடப் பிரான்ஸ் முழுவதும் திறந்து காட்டுகிறார்கள். லியோன் நகர மண்டபத்தின் மண்டபங்களைப் பார்க்க அதுவே நல்ல தருணம், வரிசை நீளமாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில் நகர மண்டபத்தருகே மெட்ரோவின் சி தடத்தில் ஏறி க்ருவா-ரூஸ் நிலையத்தில் இறங்குங்கள். குன்றின் சரிவு அவ்வளவு செங்குத்தானது என்பதால் இந்த மெட்ரோ, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. மேலே அகன்ற சாலையோரத்தில், திங்கள் தவிர மற்ற நாள்களில் காலைச் சந்தை கூடும். செப்டம்பரில் அத்திப்பழமும் திராட்சையும் பிளம்ஸும் குவிந்திருக்கும். மூன்று நாளைக்கு வேண்டிய பழத்தையும் காய்கறியையும் அன்றே வாங்கிக்கொள்ளலாம். பழத்தை நாமே கையால் எடுத்து அமுக்கிப் பார்ப்பது இங்கே வழக்கமில்லை, எது வேண்டும் என்று காட்டினால் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

சந்தைக்கு அருகே மெசோன் தே கனூய் என்ற சிறு நெசவுக்கூடம் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற நான், இதை மட்டும் தவறவிடாதீர்கள் என்பேன். பட்டு நெசவாளர்களைக் கனூய் என்று அழைத்த ஊர் இது. கூலி விவகாரத்தில் 1831-இலும் 1834-இலும் அவர்கள் நடத்திய கிளர்ச்சிகள் ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் தொடர்ந்து பேசப்படுபவை. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூ வேலைப்பாட்டுக்கான இழைகளைத் தூக்கும் பொறியை ஜோசஃப் மரி ஜக்கார் 1804-இல் அறிமுகப்படுத்தியதும் இதே நகரில்தான். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு, அது எங்கிருந்து புறப்பட்டது என்பதை இங்கே ஓடும் தறியின் முன் நின்று பார்ப்பது தனி நிறைவு. உங்கள் அம்மாவுக்கு இந்த ஊரில் மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். க்ருவா-ரூஸ் வீடுகளின் கூரை ஏன் அவ்வளவு உயரம் என்ற கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடும்: நான்கு மீட்டர் வரை உயர்ந்த ஜக்கார் தறி உள்ளே நிற்க வேண்டியிருந்தது. பட்டுத் துண்டு வாங்குவதாக இருந்தால் ‘சுவா’ என்ற சொல்லும் பிரான்ஸில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் அடையாளச்சீட்டில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரே கடையில் 100 யூரோவைத் தாண்டி வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் என்ற முறையில் விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, நாடு திரும்பும் விமான நிலையத்தில் பாப்லோ இயந்திரத்தில் பதிய வேண்டும்.

அங்கிருந்து கால்நடையாக இறங்கும் சரிவில்தான் குவார் தே வொராஸ் என்ற முற்றமும் அதன் ஆறடுக்கு வெளிப்படிக்கட்டும் இருக்கின்றன. சரிவு நெடுகப் படிகள் என்பதால் அப்பாவும் அம்மாவும் அதே மெட்ரோவில் கீழே திரும்பி, தெரோ சதுக்கத்தில் உங்களுக்காகக் காத்திருக்கட்டும். அங்கே உள்ள குதிரை நீரூற்று, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்தியின் படைப்பு. சதுக்கத்தின் ஒரு பக்கம் நுண்கலை அருங்காட்சியகம். முன்பு கன்னியர் மடமாக இருந்த அதன் உள்முற்றத் தோட்டத்துக்குச் சீட்டுத் தேவையில்லை. நிழலும் இருக்கைகளும் அமைதியும் உள்ள அந்த இடத்தில் பெரியவர்களை உட்கார வைத்துவிட்டு நீங்கள் கடைத்தெருவுக்குப் போய்வரலாம்.

ஞாயிறு எளிது. டி1 டிராமில் உட்கார்ந்தபடியே கோன்ஃப்ளுவான்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். 2014-இல் திறந்த அந்தக் கண்ணாடி, உலோகக் கட்டடம் அழகா அலங்கோலமா என்று ஊரார் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே நீண்ட கழுத்துத் தொன்மாவின் எலும்புக்கூடும், 1859-இல் இதே ஊரில் தோண்டி எடுக்கப்பட்ட மாமத யானையின் எலும்புக்கூடும் நிற்கின்றன. வெளியே சற்று நடந்தால் இரண்டு ஆறுகளும் கலக்கும் முனைக்கே போகலாம். பிற்பகலுக்கு இரண்டு வழிகள் உண்டு. வெயில் இருந்தால் தெத் தோர் பூங்கா: 117 ஹெக்டேர் பரப்பு, ஏரி, தாவரத் தோட்டம், சிறு விலங்குக்காட்சி என எல்லாமே இலவசம், பார்-தியூவிலிருந்து சி1 பேருந்து பூங்காவுக்குப் போகிறது. மழை வந்தால் டி மெட்ரோவில் மொன்ப்ளேசிர்-லூமியேர் நிலையத்துக்குப் போய் லூமியேர் குடும்பத்தின் மாளிகையைப் பாருங்கள். தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியை 1895 மார்ச்சில் லூயி லூமியேர் படமாக்கிய இடம் அது. அந்தத் தெருவுக்கே ‘முதல் படத் தெரு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரைப்படத்தில் ஆர்வமுள்ள பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மழை பெய்யாவிட்டாலும் இதுதான் சரி.

திங்கட்கிழமை ஃபூர்வியேர். டி தடத்தில் வியூ லியோன் நிலையத்தில் இறங்கினால் அதே நிலையத்துக்குள் குன்று ரயில்கள் இரண்டு காத்திருக்கும்; எஃப்2 நேரே குன்றின் மேலுள்ள பேராலயத்துக்குப் போகும், எஃப்1 செந்-ஜூஸ்த் பக்கம் போகும். எஃப்2-இல் ஏறுங்கள். 1872-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் உட்புறம் தங்கமும் நீலமுமாக மொசைக்கால் நிறைந்திருக்கிறது, நுழைவு இலவசம். பக்கத்து மேடையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும், மிகத் தெளிந்த காலையானால் கிழக்கே மோன் பிளாங் சிகரமும் தெரியும். பிறகு வந்த வழியே திரும்பாமல், இறக்கமான சாலையில் பத்து நிமிடம் நடந்தால் ரோமானிய அரங்குக்கு வந்துவிடலாம். அந்த அரங்கைச் சுற்றித்தான் கி.மு. 43-இல் நிறுவப்பட்ட லுக்துனும் என்ற ரோமானிய நகரம் இருந்தது. பக்கத்து அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும், அரங்கைப் பார்க்கத் தடையில்லை. பார்த்து முடித்ததும் கீழேயே மினீம் என்ற நிலையத்தில் எஃப்1 குன்று ரயிலைப் பிடித்துப் பழைய நகருக்கு இறங்கிவிடுங்கள். இந்தச் சுற்றில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் அப்பாவின் காலுக்கு வராது. பேராலயத்துக்குப் பின்னால் இறங்கும் தோட்டப்பாதை அழகானதுதான், ஆனால் அது செங்குத்து, பிள்ளைகளுக்கு மட்டும்.

பழைய நகரின் த்ராபூல் என்னும் வழிகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ஒரு தெருவிலிருந்து வீடுகளின் முற்றங்களுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் பாதைகள் அவை. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த நகரம் இடம்பெற்றதில் இவற்றுக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜி எதிர்ப்பாளர்களுக்கு இவை ஒளிவிடமாகவும் பயன்பட்டன. செந்-ஜான் தெரு 54-ஆம் எண் கதவைத் தள்ளி உள்ளே போனால் புய்ஃப் தெரு 27-ஆம் எண்ணில் வெளியே வரலாம்; பழைய நகரில் மிக நீண்ட வழி அதுவே. கதவு மூடியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டாம், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் திறக்கும். இவை இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகள், நகராட்சியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரிலேயே வழிவிடுகிறார்கள். உரக்கப் பேசாமல், மாடிப்படி ஏறாமல், நண்பகலுக்கு முன்பே போய்வருவது மரியாதை. தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள காலணி எல்லோருக்கும் வேண்டும்.

சாப்பாட்டில்தான் இந்த ஊர் கண்டிப்பானது. மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை, இரவு உணவு ஏழு அல்லது ஏழரையிலிருந்து. மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் கதி. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பல மூடியிருக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் பூட்டுவதும் உண்டு, நீங்கள் செப்டம்பரில் வருவது நல்லதாயிற்று. ஆறு பேருக்கு மேசை வேண்டும் என்றால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். நுழைந்தவுடன் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு, கடையிலும் பேருந்திலும் அப்படியே. அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் நேரே கேள்வி கேட்பவருக்குக் கிடைக்கும் முகச்சுளிப்பைத்தான் பலர் ஃபிரெஞ்சுக்காரர்களின் திமிர் என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, இனாம் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையில் வேண்டும் என்று, ‘கராஃப் தோ’ என்று கேட்டால், உணவோடு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்; கேட்காவிட்டால் விலைக்கு விற்கும் புட்டி மேசைக்கு வந்துவிடும்.

பூஷோன் என்பது லியோனுக்கே உரிய சிற்றுணவகம். பட்டுத் தொழிலாளர்களின் உணவிலிருந்தும், ‘லியோன் தாய்மார்கள்’ எனப்பட்ட சமையற்காரப் பெண்களின் கைப்பக்குவத்திலிருந்தும் வளர்ந்தது அதன் சமையல். அவர்களுள் ஒருவரான எஜெனி பிராசியே, 1933-இல் தம் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷ்லான் நட்சத்திரங்கள் பெற்றவர். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தவிர்ப்பவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘தப்லியே து சப்பர்’ என்பது மாட்டுக் குடல் பொரியல், ‘ஆந்துயெத்’ குடல் தொத்திறைச்சி, பெயரைப் பார்த்து இலைதழை என்று நினைக்கும் ‘சலாத் லியோனேஸ்’ தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகளும் முட்டையும் இருக்கும். கோழி சாப்பிடுபவர்களுக்குக் காடிச்சாற்றில் வேக வைத்த கோழி பொருத்தம். மீன் விரும்புவோருக்கு ஆற்று மீன் கலந்த ‘கெனெல்’. மதிய வேளையில் நிலையான விலைக்குத் தரும் முழு உணவு 20 முதல் 25 யூரோவில் முடிந்துவிடும், இரவில் அதே உணவகம் கூடுதலாக வாங்கும். செந்-ஜான் தெருவில் வாசலில் நின்று கைகாட்டி அழைக்கும் உணவகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்மாவுக்கு பூஷோனில் கிடைக்கக்கூடியது மிகக் குறைவு. ‘செர்வெல் து கனூய்’ (நெசவாளர் மூளை) என்று பயமுறுத்தும் பெயருள்ள உணவு உண்மையில் மூலிகையும் பூண்டும் கலந்த வெண்பாலாடைக் கட்டிதான், உருளைக்கிழங்கோடு நன்றாக இருக்கும். ஆனால் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் பாலாடைக் கட்டிகள் பலவும் செய்யப்படுவதால், அதையும் தவிர்ப்பவரா என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கெனெலில் மீன் இல்லாத வகையிலும் முட்டை உண்டு, இளஞ்சிவப்பு ப்ரலீன் பணியாரத்தின் மாவிலும் பெரும்பாலும் உண்டு, க்ருவாசானின் மேல்பூச்சிலும் முட்டை தடவுவது வழக்கம். நம்பிச் சாப்பிடக்கூடியது ‘த்ரதிசியோன்’ என்ற ரொட்டி. 1993-ஆம் ஆண்டு அரசாணையின்படி மாவு, நீர், உப்பு, நொதி ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படுவது அது. பாலும் முட்டையும் கிடையாது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சேரலாம் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது என்று ஃபிரெஞ்சில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொண்டு பரிமாறுபவரிடம் காட்டுங்கள். சமையலறை உள்ள குடியிருப்பு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். சனிக்கிழமை மாலைக்குள் பெரிய அங்காடியில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் தயிரும் வாங்கிவிட்டால், மற்றவர்கள் வெளியே சாப்பிடும் இரவில் அவர் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். ரோனைக் கடந்தவுடன் வரும் கியோத்தியேர் பகுதியில் ஆசிய மளிகைக் கடைகளும், கொண்டைக்கடலை வடை விற்கும் அரபுக் கடைகளும் இருக்கின்றன. பகலில் போய்வாருங்கள், இரவில் அங்கே சந்தடியும் சச்சரவும் அதிகம்.

சில்லறை விஷயங்கள். நம் ஊர் மூன்று கால் செருகி இங்கே நுழையாது, இரண்டு உருண்டைக் கால்கள் உள்ளது நுழையும். பெரியவர்களின் மருத்துவக் கருவி ஏதேனும் இருந்தால் மாற்றுச் செருகி கொண்டுவாருங்கள். அட்டையில் பணம் கட்டும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்று அழுத்தினால் மாற்றுவிகிதத்தில் இழப்பீர்கள். மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துவாருங்கள். பாரசிட்டமால்கூட இங்கே பச்சைச் சிலுவை எரியும் மருந்துக் கடையில்தான் கிடைக்கும், ஞாயிறன்று அவற்றில் சில மட்டுமே திறந்திருக்கும். அவசரத்துக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 15. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுப்பதால், வந்திறங்கும் விமான நிலையத்தில் நேரம் கூடலாம். அன்றைக்கே ரயிலுக்குச் சீட்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எதை விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். அன்னெசி ஏரிக்கு ஒரு நாள் போய்வரலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரயிலில் போகவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம், திரும்ப அதே நேரம். மூன்று நாளில் ஒன்றை அதற்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியூர் ஒன்றாவது வேண்டும் என்றால், அரை மணிக்குள் ரயிலில் போய்விடக்கூடிய வியென் என்ற பக்கத்து ஊர் போதும். இரண்டாயிரம் ஆண்டு பழைய ரோமானியக் கோயில் அங்கே ஊர் நடுவே முழுதாக நிற்கிறது. நிலையத்திலிருந்து பெரியவர்களும் நடந்தே போய்விடலாம். ஞாயிறு பிற்பகல் பூங்காவை விட்டுவிட்டு அங்கே போய், இரவு உணவுக்கு லியோன் திரும்பிவிடலாம்.